கொழுந்து லொறிக்கு நாற்பது நிமிடம்

எச்சரிக்கை வராவிட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று மூன்று வாரம் நம்பியிருந்தேன். அந்த மூன்று வாரமும் மேற்பிரிவுப் பெண்கள் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அக்கா.

லிந்துலைப் பக்கத்து தேயிலைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர். அக்கா அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். மேற்பிரிவில் மாலைக் கொழுந்தை மடுவத்தில், அதாவது எடைக் கொட்டகையில், நிறுத்து மூட்டை கட்டிவிடுவார்கள். ஆனால் லொறி வந்து மூட்டைகளை ஏற்றும்வரை யாரும் வீட்டுக்கு இறங்க முடியாது, தூக்கிக்கொடுக்க ஆள் வேண்டும். லொறியோ மற்றப் பிரிவுகளுக்கெல்லாம் போய்விட்டுக் கடைசியாகத்தான் மேலே ஏறும். மழைக்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் பனி இறங்கி இருட்டிவிடும். தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் சிறுத்தை நடமாட்டம் உண்டு.

"நாங்க மலையப் பாக்குற கண்டாக்குகிட்டச் சொல்லியாச்சு, சங்கத் தலைவருகிட்டச் சொல்லியாச்சு. இனி நீதான் பாக்கி. ஏசி ரூமுல குந்திக்கிட்டு என்னாதான் தட்டுற?" என்று அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். எங்கள் அலுவலகத்தில் ஏசி கிடையாது. ஜன்னலைச் சாத்தினாலே குளிர் தாங்காது. அது அவளுக்கும் தெரியும்.

கடந்த ஆண்டு தலைமை அலுவலகம் எங்களுக்கு ஓர் அறிக்கை மென்பொருளைக் கொடுத்திருந்தது. டிஜிட்டல் தராசின் எடை, மடுவத்தில் கணக்கெடுக்கும் கணக்கப்பிள்ளையின் கைப்பேசிக்கு வரும், அங்கிருந்து எங்கள் கணினிக்கு வரும். எந்தப் பிரிவில் எத்தனை கிலோ, எப்போது நிறுத்தது, எப்போது தொழிற்சாலைக்கு வந்தது எல்லாம் திரையில் தெரியும். அதில் எச்சரிக்கை என்று ஒரு வசதி இருப்பதைக் கையேட்டில் படித்தேன். மூன்று விடயம் சொல்லவேண்டும்: எந்த எண்ணைக் கவனிப்பது, அது எந்த எல்லையைத் தாண்டினால் சொல்வது, யாருக்குச் சொல்வது.

அக்காவின் பெயரைச் சொல்லித் தோட்ட முகாமையாளரான துரையிடம் போக முடியாது. கொழுந்தின் பெயரைச் சொல்லிப் போனேன். மூட்டைக்குள் நெடுநேரம் அடைபட்டால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும், தேயிலையின் தரம் கெடும். மடுவத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையில் கொழுந்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதற்கு ஓர் எல்லை வைக்கலாமா சேர் என்று கேட்டேன்.

"வைங்க மிஸ். ஆனா சும்மா சும்மா அடிச்சா நிப்பாட்டிருவேன். ஏற்கனவே போன் நிறைய மெசேஜ்" என்றார் துரை. "மாசக் கடைசியில எது வேணும் எது வேணாம்னு பாப்போம்."

எல்லையைத் தீர்மானிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. குறைத்து வைத்தால் தினமும் ஒலிக்கும், தினமும் ஒலிப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். கூட்டி வைத்தால் ஒலிக்கும்போது கொழுந்து கெட்டிருக்கும். தேயிலை தயாரிப்பு அதிகாரியிடம் கேட்டேன். பிரிவுகளின் தூரத்தையும் கணக்கில் எடுத்தேன். கடைசியில் நாற்பது நிமிடம் என்று வைத்தேன். செய்தி துரைக்கும் எனக்கும் வரும்படி செய்தேன். நாட்குறிப்பில், "கொழுந்து தாமத எச்சரிக்கை இன்று தொடங்கியது" என்று எழுதிவைத்தேன். பக்கத்தில் மேற்பிரிவு என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

முதல் வாரத்திலேயே ஒருநாள் ஒலித்தது. கீழ்ப்பிரிவில். லொறியின் சில்லு காற்றுப்போய் நின்றிருந்தது. மூன்றாம் வாரம் மறுபடியும் ஒலித்தது, அதுவும் கீழ்ப்பிரிவுதான். இரண்டு தடவையும் சரியான காரணத்துக்கு. துரைக்குத் திருப்தி.

"நல்ல வேலை மிஸ். மேல எதுவும் பிரச்சின இல்லைன்னும் தெரிஞ்சுபோச்சு. அந்தப் பொம்பளைங்கதான் சும்மா கத்துறாங்க."

அவர்களுக்காக நான் வைத்த எச்சரிக்கையே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. மாதக் கடைசியில் துரை இதே முடிவோடு தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டால், மேற்பிரிவு லொறியைப் பற்றி அதற்குமேல் யாரும் வாய் திறக்க முடியாது.

அக்காவிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. சிரித்தாள். "ஒன் பொட்டி எங்கள ஆறு மணிக்கு முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிருச்சு போல. எங்களுக்குத்தான் தெரியல."

மறுநாள் மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு மேற்பிரிவுக்கு ஏறினேன். மடுவத்துக்கு நான் போனபோது மாலை எடை தொடங்கியிருந்தது. கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துச் சொல்லச் சொல்லப் பெண்கள் கூடையைக் கவிழ்த்தார்கள். தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் பாதி எண் காதில் விழவில்லை. எடை முடிந்து மூட்டை கட்டியபோது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு காத்திருப்பு. இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணி நனைந்து எல்லோரிடமிருந்தும் தண்ணீர் சொட்டியது. அக்காவின் பக்கத்தில் ஒரு கொழுந்து மூட்டையின்மேல் உட்கார்ந்தேன்.

"ஆபீஸ் மிஸ்ஸுக்கு நாக்காலி போடுங்கடி" என்றாள் ஒருத்தி.

"வேணாம், மூட்டைதான் சூடா இருக்கு. அதுலயே குந்தட்டும்" என்றாள் அக்கா.

உண்மையாகவே சூடாக இருந்தது. சாக்குக்கு மேலேயே கொழுந்தின் வெக்கை தெரிந்தது. லொறி வந்து நின்றபோது ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகியிருந்தது. எதிரில் நின்றவளின் முகம் சரியாகத் தெரியவில்லை. நான் கைப்பேசியை எடுத்தேன். எந்த எச்சரிக்கையும் இல்லை. பிறகுதான் கவனித்தேன், சிக்னலும் இல்லை.

"இங்க டவர் கெடைக்காதா?" என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டேன்.

"மடுவத்துல எந்தக் காலத்துல மிஸ் கெடைச்சுச்சு? லொறியில எறங்கறப்ப மாடசாமி கோயில் வளைவுல கெடைக்கும். ஊர்ல உள்ளவங்க எல்லாம் அங்க வந்துதான் கோல் எடுப்பாங்க. சாமிய விட போனுக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி."

"அப்ப எடையெல்லாம்?"

"அதுவும் அங்க வந்துதான் போகும்."

அக்காவும் மற்றவர்களும் டோர்ச் வெளிச்சத்தில் பாதையில் இறங்க, நான் லொறியின் முன் இருக்கையில் கணக்கப்பிள்ளையோடு நெருக்கி உட்கார்ந்தேன். கோயில் வளைவில் திரும்பியதும் அவருடைய கைப்பேசி அடுத்தடுத்து ஒலித்தது. மாலை எடை முழுவதும் அப்போதுதான் கிளம்பியது. அங்கிருந்து தொழிற்சாலைக்குக் கொஞ்ச நேரம்தான்.

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. திரையில் இரண்டு நேரங்கள் உண்டு: கொழுந்தை நிறுத்த நேரம், எடை எங்களுக்கு வந்து சேர்ந்த நேரம். கீழ்ப்பிரிவில் இரண்டும் ஒன்றுதான். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து கீழ்ப்பிரிவை வைத்துத்தான் சோதித்துப் பார்த்திருந்தேன். எச்சரிக்கைக்கு இரண்டாவது நேரத்தைக் கொடுத்திருந்தேன். ஆகவே மேற்பிரிவுக் கொழுந்து கோயில் வளைவில்தான் பிறந்ததாக மென்பொருள் நினைத்துக்கொண்டிருந்தது. எல்லையில் பிழையில்லை, எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பிழை.

அடுத்த நாள் காலை அலுவலகம் திறந்ததும் மாற்றினேன். எடுக்கவேண்டியது கொழுந்தை நிறுத்த நேரம். எல்லை அதே நாற்பது நிமிடம். போன மூன்று வாரத்துக்கும் அதே விதியைப் போட்டுப் பார்த்தபோது, மேற்பிரிவு வரிசை ஏறக்குறைய முழுவதும் சிவப்பாகத் தெரிந்தது.

அன்று மாலை எங்கள் இருவர் கைப்பேசிகளும் ஒலித்தன. துரை தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"இது என்ன மிஸ், மேல திடீர்னு?"

"திடீர்னு இல்ல சேர். முதல்லயே இப்பிடித்தான். நான் தப்பான நேரத்த எடுத்திருந்தேன்." திரையைத் திருப்பிக் காட்டினேன். நேற்று மூட்டையின்மேல் உட்கார்ந்ததையும் சொன்னேன்.

அவர் சிவப்பு வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அப்ப அந்தப் பொம்பளைங்க சொன்னது சரி" என்றார். பிறகு, "கீழ்ப்பிரிவுக்கு லொறி எதுக்கு? ட்ரெக்டர் போதும். லொறிய முதல்ல மேல அனுப்புங்க" என்றார்.

லொறி சாரதிக்கு அது பிடிக்கவில்லை. "மேல போய் நின்னா அந்தப் பொம்பளைங்க என்னைய நக்கலடிச்சே கொன்னுருவாங்க மிஸ்" என்று சொல்லிக்கொண்டேதான் சாவியை எடுத்தார். நக்கல் அடித்தார்களாம். முதல் நாள் அவருக்குப் பொட்டு வைத்து வரவேற்றதாக அக்கா சொன்னாள்.

இப்போது மேற்பிரிவிலிருந்து எச்சரிக்கை வருவதில்லை. ஆனாலும் அந்த மௌனத்தை நான் அப்படியே நம்பிவிடவில்லை. இன்னொரு எச்சரிக்கையும் வைத்திருக்கிறேன்: எந்தப் பிரிவின் மாலை எடையாவது உரிய நேரத்துக்குள் வந்து சேராவிட்டால் அதையும் சொல்லும். கோயில் வளைவுக்கு மேலே, மடுவத்துக்குப் பக்கத்தில், சிக்னல் கருவி ஒன்று பொருத்துவதற்குத் துரை மதிப்பீடு கேட்டிருக்கிறார். மாதக் கடைசியில் வேண்டாதவற்றை நீக்கியபோது கொழுந்து எச்சரிக்கையின்மேல் அவர் கை வைக்கவில்லை.

நேற்று மாலை மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. எச்சரிக்கை என்று நினைத்துப் பதறி எடுத்தேன். அக்கா. லயத்திலிருந்து பேசினாள்.

"என்னா புள்ள, இன்னும் ஆபீஸுலயா இருக்க? நான் வந்து, குளிச்சு, அடுப்பும் பத்த வெச்சாச்சு. இருட்டறதுக்குள்ள கெளம்பு. ஒன் பாதையிலயும் சிறுத்த இருக்கு."