அருள்மலரும் ஓல்ட்ரொய்ட் எஞ்சின்களும்

அருள்மலர் வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்று அவளுடைய கணவன் அகஸ்ரின் கல்யாணமான நாளிலிருந்து முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அதை முறைப்பாடாக எடுத்துக்கொண்டதே இல்லை. மன்னார்த் தீவின் பேசாலையில் பிறந்தவள். எண்பத்தெட்டில் ரொறன்ரோவுக்கு வந்து பார்க்டேலில் ஓர் ஒற்றை அறையில் குடியேறினாள். கோழி வெட்டும் தொழிற்சாலை, ஹோட்டலில் கட்டில் விரிப்பது என்று பல வேலை பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு கோர்ஸ் படித்து, வயதானவர்களை வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் வேலைக்கு வந்தாள். அந்த வேலையில் அவள் நிலைத்ததற்குக் காரணமே அந்த வாய்தான். குளிக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கிழவர்கள்கூட அவள் சொல்லும் கதையின் முடிவைக் கேட்பதற்காகக் குளியலறை வரை வந்துவிடுவார்கள். கதையின் நடுவில் ஷவரைத் திறந்துவிடுவாள்.

அந்த வாய்க்கு முதல் தோல்வி ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் கிடைத்தது. 2009ஆம் ஆண்டு பனிக்காலத்தில் அவளை மிஸ் வினிபிரெட் ஓல்ட்ரொய்ட் என்ற அம்மையாரின் வீட்டுக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தவர், எண்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்யாதவர், இடுப்பு முறிந்து சக்கர நாற்காலியில் இருப்பவர். அருள்மலர் என்ன கதை சொன்னாலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தேநீர் கேட்பார், நன்றி சொல்வார். அதற்கு மேல் ஒன்றும் வராது.

"அந்த மனிசியை எனக்கு ஒருக்காக் காட்டும்," என்றான் அகஸ்ரின். "உம்மட கதையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்குதெண்டால் என்ன மருந்து குடிக்குதெண்டு கேக்கோணும்."

மே மாதம் வந்தது. ஊரில் யுத்தம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அகஸ்ரினின் அக்கா செலீனும் பிள்ளைகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. வீட்டில் ரீவியை அணைப்பதே இல்லை. அருள்மலர் பகலில் வேலைக்குப் போவாள். மாலையில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி யூனிவேர்சிற்றி அவெனியூவில் ஆயிரக்கணக்கான சனத்தோடு போய் நிற்பாள். யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த மறுநாளும் அஜின்கோர்ட்டுக்குப் போனாள். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீருக்குள் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள்.

வினிபிரெட் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீ வந்ததிலிருந்து ஒரு சத்தமும் இல்லை," என்றார். "எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன நடந்தது?"

அருள்மலர் சொன்னாள். அழுதழுது சொன்னாள். வினிபிரெட் அவளை எதிரே உட்காரச் சொன்னார். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. தன்னுடைய கதையைத் தொடங்கினார்.

"நாற்பத்தைந்தில் யுத்தம் முடிந்தபோது எங்கள் தெருவே நடனம் ஆடியது. எங்கள் வீட்டில் ஆடவில்லை. என் அண்ணன் ஹரல்ட் திரும்பி வரவில்லை. அப்பா தனியாகத் தொழிற்சாலைக்குப் போனார். நான் பின்னால் போனேன். அவ்வளவு பெரிய கூடத்தில் விளக்குக்கூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தார். 'வினி, இராணுவத்துக்கு இனி எஞ்சின் வேண்டாமாம். நாங்கள் இனி எதைச் செய்வது?' என்று என்னைக் கேட்டார். எனக்குப் பத்தொன்பது வயது."

"என்ன எஞ்சின்?" என்று அருள்மலர் மூக்கைத் துடைத்தபடி கேட்டாள்.

அந்தக் கேள்வியோடு அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்த பனி உடைந்தது. ஓல்ட்ரொய்ட் குடும்பம் ரயில் எஞ்சின் செய்த குடும்பம். ஊர் விட்டு ஊர் ஓடும் பெரிய எஞ்சின்கள் அல்ல. செங்கல் சூளை, மணல் குழி, சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடங்களில் நான்கைந்து தள்ளுவண்டிகளை இழுத்துக்கொண்டு நடைவேகத்தில் ஓடும் குட்டி எஞ்சின்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் செய்தும் மொத்தம் சில நூறுதான் செய்திருப்பார்கள்.

தொடங்கியவர் வினிபிரெட்டின் பாட்டனார். அவர் ஒரு சூளை முதலாளியின் மகள்மேல் ஆசைப்பட்டார். களிமண் இழுக்கிற குதிரைகளின் தீனிச் செலவைக் குறைத்துக் காட்டினால் பெண் தருகிறேன் என்றார் முதலாளி. பாட்டனார் ஒரு சலவைக்கடையின் பழைய கொதிகலனை வாங்கிச் சக்கரம் பூட்டினார். வெள்ளோட்டத்தன்று எஞ்சின் முதலாளியின் கண்ணுக்கு முன்னாலேயே களிமண் குழிக்குள் தலைகுப்புற விழுந்தது. அதை வெளியே இழுப்பதற்கு அதே குதிரைகளைத்தான் கொண்டுவந்தார்கள். முதலாளி சிரித்த சிரிப்பில் பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

முதலாம் உலக யுத்தத்தில், புகை கக்கினால் எதிரி கண்டுவிடுவான் என்று, பதுங்கு குழிகளுக்குக் குண்டு கொண்டுபோகப் பெற்றோல் எஞ்சின்கள் கேட்டது இராணுவம். கொம்பனி வளர்ந்தது. யுத்தம் முடிந்ததும் செய்தது பாதி, செய்யாதது பாதியாக எஞ்சின்கள் முற்றத்தில் வரிசையாக நின்றன. பாட்டனார் அவற்றுக்குப் பச்சை வர்ணம் பூசிச் சூளைகளுக்கு விற்றார். இரண்டாம் யுத்தம் முடிந்தபோது அப்பாவுக்கும் அதே சிக்கல். இந்த முறை அவர் வெயில் காயும் நாடுகளின் பக்கம் திரும்பினார். கரும்புத் தோட்டம், உப்பளம் என்று கப்பலில் எஞ்சின்கள் போயின. பிறகு லொறிகள் மலிந்தன. ஐம்பதுகளின் கடைசியில் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். அங்கே வரைபடம் கீறப் பழகிய வினிபிரெட் அந்தத் தொழிலோடு ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார்.

இதையெல்லாம் அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. கிழமைக்கு இரண்டு தரம், தலை வாரும்போதும் கால் துடைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அருள்மலர் வீட்டுக்குப் போய் அகஸ்ரினுக்குச் சொல்வாள். செலீன் அக்காவும் பிள்ளைகளும் உயிரோடு முகாமில் இருக்கிறார்கள் என்ற தகவல் ஆடி மாதம் வந்தபோது, அவள் முதலில் தொலைபேசியில் அழைத்தது வினிபிரெட்டைத்தான்.

அடுத்த கிழமை வினிபிரெட்டின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் நாட்டுக்கும் ஒன்று போனது," என்றார் அவர். "வடமேற்கில் ஒரு தீவு. உப்பளத்துக்கு. அப்பா அந்த எஞ்சினுக்கு என் பெயரை வைத்தார். எனக்குச் சரியான கோபம். ஒரு கப்பலுக்கு வைத்திருக்கலாம், குதிரைக்கு வைத்திருக்கலாம். உப்பு இழுக்கிற எஞ்சினுக்கு வைத்தால் யார் என்னைக் கல்யாணம் செய்வார்கள்?"

நகவெட்டி நின்றது.

"முன்பக்கத்தில் பித்தளை எழுத்தா?" என்று கேட்டாள் அருள்மலர். "சாரதி பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டுமா?"

"பக்கவாட்டில்தான். உனக்கு எப்படி..."

அருள்மலரின் அப்பா நீக்கிலாப்பிள்ளை பேசாலைக்குப் பக்கத்து உப்பளத்தில் அந்த எஞ்சினை ஓட்டியவர். சின்ன வயதில் அவருக்குச் சோறு கொண்டுபோகும்போது அவள் அந்தப் பித்தளை எழுத்துகளை விரலால் தடவிப் பார்ப்பாள். ஆனால் அங்கே யாரும் அதை வினிபிரெட் என்று சொன்னதில்லை. வாயில் நுழையாத பெயரைக் கோயிலில் கேட்ட சொல்லாக மாற்றிவிட்டார்கள். உப்பளம் முழுவதற்கும் அது 'விண்ணப்பம்'. விண்ணப்பம் வருது, வழி விடுங்கோ. விண்ணப்பத்துக்கு எண்ணெய் போட்டாச்சோ?

"அதற்கு என்ன அர்த்தம்?" என்றார் வினிபிரெட்.

"கடவுளிடம் கேட்டு மன்றாடுவது."

வினிபிரெட் சிரிக்கத் தொடங்கினார். நாற்காலி குலுங்கியது. நகவெட்டி குத்திவிடாமல் அருள்மலர் அவருடைய காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஐப்பசி மாதம், ரொறன்ரோ ரயில் பிரியர்கள் சங்கம் ஒன்று ஓல்ட்ரொய்ட் கொம்பனியின் வரலாற்றைச் சொல்லுமாறு வினிபிரெட்டை அழைத்தது. ஸ்காபரோவில் ஒரு நூலகத்தின் கீழ்த்தளம். அருள்மலருடைய வேலை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவது மட்டும்தான். ஆனால் அன்று காலையில் வினிபிரெட்டின் தொண்டை கட்டிவிட்டது. காற்றுத்தான் வந்தது. சங்கத் தலைவர் கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்றார். வினிபிரெட் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, விரலை நீட்டி அருள்மலரைக் காட்டினார்.

"ஐயோ, நானோ?" என்றாள் அவள் தமிழில்.

நாற்பது பேர் இருந்தார்கள். முக்கால்வாசி நரைத்த தாடி. கூட வந்திருந்த அகஸ்ரின் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சப்பாத்தைப் பார்த்தான்.

"மிஸ் வினிக்குக் குரல் இல்லை. அதனால் இன்றைக்கு உங்களுக்கு நான்தான்," என்று அவள் தன்னுடைய ஆங்கிலத்தில் தொடங்கினாள். "முதலில் கல்யாணக் கதை."

குதிரைகள் எஞ்சினை இழுத்த இடத்தில் முதல் சிரிப்பு எழுந்தது. அதன் பிறகு அவளை நிறுத்த யாராலும் முடியவில்லை. பாட்டனாராக நடந்து காட்டினாள். பச்சை வர்ணம் பூசிக் காட்டினாள். விளக்கில்லாத கூடத்தில் அப்பா நின்ற இடம் வந்தபோது குரலைத் தாழ்த்தினாள். ஒருவர் தண்டவாளத்தின் அகலம் என்ன என்று கேட்டார். அருள்மலர் திரும்பிப் பார்த்தாள். வினிபிரெட் இரண்டு விரலை உயர்த்தினார்.

"இரண்டு அடி," என்றாள். "ஓல்ட்ரொய்ட் குடும்பத்தின் பதில் அதுதான். சந்தேகம் இருந்தால் அவருடன் கைச்சண்டைக்குப் போகலாம்."

கடைசியாக ஒரு தாடிக்காரர் எழுந்தார். "அந்த இலங்கை எஞ்சின் இப்போதும் இருக்கிறதா?"

ஊரில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள். யுத்தம் நடந்த இத்தனை வருடத்தில் மனிதர்களைத் தேடியவள், எஞ்சினைத் தேடுவாளா?

வீட்டுக்கு வந்ததும் பேசாலையில் இருக்கும் தம்பி வின்சன்றை அழைத்தாள்.

"விண்ணப்பமோ?" என்றான் அவன். "வண்டிலையும் தண்டவாளத்தையும் எப்பவோ கழட்டிக்கொண்டு போட்டாங்கள் அக்கா. ஆனால் அதின்ர மோட்டர் எங்கட வளவுக்குள்ளதான் கிடந்தது."

"எங்கட வளவுக்குள்ளயோ! எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"கேட்டனீங்களே? உப்பளம் பூட்டேக்க ஹஸன் நானா கழட்டி, கிறீஸ் பூசி, சாக்கால சுத்தி அப்பாட்டக் குடுத்தவர். நான் அதுக்கு மேல வலை காயப்போட்டு வந்தனான்."

ஹஸன் உப்பளத்து மெக்கானிக். அப்பாவின் கூட்டாளி. தொண்ணூறில் புலிகள் மன்னார் முஸ்லிம்களை வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போனவர். பத்தொன்பது வருடம் அங்கே அகதியாக இருந்தார். யுத்தம் முடிந்ததும் திரும்பி வந்தவர்களில் அவரும் ஒருவர். தன் வீடிருந்த காணியில் பற்றைக்காடு வளர்ந்திருந்ததாம். அதைத் துப்புரவாக்கி ஒரு கொட்டில் போட்டுவிட்டு நேரே நீக்கிலாப்பிள்ளையின் வளவுக்குத்தான் வந்தாராம்.

"அப்பா இல்லையெண்டு சொல்ல, கொஞ்ச நேரம் குந்தியிருந்து அழுதார். பிறகு, 'தம்பி, அந்தச் சாமான் கிடக்கா?' எண்டு கேட்டார். வலையைத் தூக்கிக் காட்டினன். இப்ப விண்ணப்பம் கடற்கரையில ஐஸ் உடைக்குது அக்கா. நானும் அவரும் பங்குக்குப் போட்டிருக்கிறம்."

அருள்மலர் அடுத்த நாள் காலையில் தொலைபேசி அட்டையோடு அஜின்கோர்ட்டுக்குப் போனாள். அப்போது பேசாலையில் மாலை நேரம். படகுகள் புறப்படும் வேளை. கைத்தொலைபேசியின் ஒலியைக் கூட்டி வினிபிரெட்டின் மடியில் வைத்தாள். அவருக்குக் குரல் திரும்பியிருந்தது.

அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள். இரும்பு உரசியது, இரண்டு தரம் இருமியது, பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டது. வினிபிரெட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதடு எதையோ எண்ணியது.

"வேகம் கூட," என்றார் திடீரென்று. "அப்பா இந்த வேகத்தில் ஓட விடமாட்டார். சொல்லு."

அருள்மலர் சொன்னாள். தொலைபேசியில் ஹஸனின் குரல் மோட்டர் சத்தத்துக்கு மேலால் வந்தது.

"மகள், அந்தம்மாக்கு என்ட ஸலாத்தைச் சொல்லுங்க. மெள்ள ஓடினா ஐஸ் உடையாது, ஐஸ் இல்லாட்டி மீன் பழுதாப் போயிரும். அவங்கட வாப்பா மீன் விக்கலத்தானே?"

மொழிபெயர்த்ததும் வினிபிரெட் ஒத்துக்கொண்டார். "அவர் சொல்வது சரி," என்றார். "ஆனால் எண்ணெயை அடிக்கடி மாற்றச் சொல்லு."

மார்கழியில் செலீனும் பிள்ளைகளும் முகாமிலிருந்து வெளியே வந்து வின்சன்றின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஐஸ் உடைக்கும் இடத்தில் காசு வாங்கிப்போடும் பொறுப்பு செலீனுக்குக் கிடைத்தது. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் பின்னால் அந்தத் தடதட கேட்டது.

ரயில் பிரியர்கள் வாய்ச்செய்தி பரப்புவதில் கெட்டிக்காரர்கள். அடுத்த வசந்தத்தில் ஹமில்ரனில் இருந்த ஒரு சங்கம் அழைத்தது. இருவரும் வர வேண்டும் என்று அழைத்தது. அகஸ்ரின் லீவு போட்டுவிட்டு வான் ஓட்டினான். வினிபிரெட் அவனுக்குப் பக்கத்தில் முன்சீற்றில் உட்கார்ந்து, பாதையை மாற்றும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். பின்சீற்றில் அருள்மலர் மீன் கட்லட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சூளை முதலாளியின் சிரிப்பை எப்படிச் சிரித்துக் காட்டுவது என்று பழகிக்கொண்டு வந்தாள்.

"இஞ்சேரும், கொஞ்சம் மெதுவாச் சிரியும்," என்றான் அகஸ்ரின். "பின்னால வாற காரெல்லாம் பயப்பிடுது."

வினிபிரெட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் திரும்பி, "அவன் சொல்வதைக் கேட்காதே. இன்னும் பலமாகச் சிரி. என் பாட்டிக்குக் கல்யாணம் நடந்ததே அந்தச் சிரிப்பால்தான்," என்றார்.