வாயைக் கட்டாத நகல்

சம்பத் போன செய்தி எனக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. “அன்புள்ள ‘பெயர் இங்கே’ அவர்களே, எங்கள் சம்பத் மாரடைப்பால் காலமானார். ஈடு செய்ய முடியாத இழப்பு. சிரமத்திற்கு வருந்துகிறோம்.” அனுப்பியவர் எங்கள் பழைய முதலாளி. எனக்கு மட்டுமல்ல, சமயபுரத்தில் ரூம் எடுக்க அவருடைய இணையதளத்தில் என்றைக்கோ நம்பர் கொடுத்த அத்தனை பேருக்கும் போயிருக்கிறது. தனக்கே ஒருமுறை அனுப்பிப் பார்த்திருக்கலாம். அந்தப் பழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

சம்பத்தை அறிந்த உங்களுக்கு மன்னார்புரத்து மாடியில் இருந்த அந்த ஆபீஸ் நினைவிருக்கும். சமயபுரம் லாட்ஜுகளில் ரூம் பதிவு செய்யும் தளத்தை அங்கே நடத்தினோம். சம்பத்தும் நானும் அதை உருவாக்கினோம். முதலாளி அதில் கை வைத்தார். பக்தர்கள் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே, ஓடுகிற தளத்தில் எதையாவது மாற்றுவார். தளம் படுத்துக்கொள்ளும். “சின்ன மாத்தம்தானே சம்பத்” என்பார்.

சம்பத் ஸ்ரீரங்கத்துக்காரர். பொறுமைக்கும் அவருக்கும் ஒட்டு உறவே கிடையாது. “சார், வீதிப் புறப்பாட்டுக்கு மூலவரையா தூக்கிண்டு போறோம்? அவர் இருந்த எடத்துல இருக்கணும். வெயிலு, மழை, குலுக்கல் எல்லாம் உற்சவருக்கு” என்று ஒருநாள் வெடித்தார். அன்றிலிருந்து ஓடுகிற தளத்துக்குப் பெயர் மூலவர். அதை அப்படியே நகலெடுத்துத் தன் கணினியில் வைத்துச் சோதித்தால் அது உற்சவர். நகல் எடுத்ததும் அவர் செய்யும் முதல் வேலை, குறுஞ்செய்தி அனுப்பும் வசதியை அணைப்பது. “வாயைக் கட்டாம உற்சவரைத் தொடாதீங்கோ. உள்ள இருக்கறதெல்லாம் நிஜ மனுஷா நம்பர்” என்பார்.

சமயபுரத்தில் கூட்டம் அலைமோதும் பூச்சொரிதல் திருவிழா சமயத்தில், தனக்கும் நகலெடுக்கத் தெரியும் என்று காட்ட முதலாளிக்கு ஆசை வந்தது. எடுத்தார். வாயைக் கட்டவில்லை. எல்லாப் பதிவையும் மொத்தமாக ரத்து செய்யும் பொத்தான் வேலை செய்கிறதா என்று தன் லேப்டாப்பில் அழுத்திப் பார்த்தார். பிரமாதமாக வேலை செய்தது. பக்தர்களுக்கும் லாட்ஜுகளுக்கும் “உங்கள் முன்பதிவு ரத்து செய்யப்பட்டது. சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்று பறந்தது. லாட்ஜுக்காரர்கள் ரூம்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து நடந்தே வந்த ஒரு குடும்பம் வீங்கிய காலோடு லாட்ஜ் வாசலில் நின்றது. நாங்கள் இருவரும் பஸ் பிடித்துப் போனோம். “தப்பு எங்களோடதும்மா, மன்னிச்சுக்கோங்கோ” என்று சம்பத் கைகூப்பினார். பிறகு லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கி அவர்களுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார்.

முதலாளி அந்த மன்னிப்பையே சாட்சியாக்கிக்கொண்டார். லாட்ஜுக்காரர்களைக் கூட்டிவைத்து, “சம்பத்தே ஒத்துக்கிட்டாருங்க. இந்த நகல் எடுக்கிற வேலையெல்லாம் அவரோடதுதான்” என்றார். “அழுத்துனது நீங்க சார்” என்று எழுந்தேன். “நீங்க உக்காருங்க மேடம்” என்றார். சம்பத் பையை எடுத்துக்கொண்டார். “நகலுக்கு வாயைக் கட்டலாம். இவருக்கு யாரு கட்டறது?” என்று என்னிடம் கேட்டுவிட்டுப் படியிறங்கினார். அதன்பிறகு சமயபுரத்தில் ஒருவரும் அவரை நம்பி வேலை கொடுக்கவில்லை. அந்தப் பழியோடுதான் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டமாம். முதலாளி பேசுகிறாராம். மனிதர் அழவும் செய்வார், நன்றாகவே செய்வார். அதைக் கேட்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பொத்தானை அழுத்தியது சம்பத் இல்லை.

என் கணினியில் சோதனை நகலுக்கு இன்றும் உற்சவர் என்றுதான் பெயர். வாயைக் கட்டாமல் அதைத் தொடுவதில்லை. சம்பத் எனக்கு விட்டுப்போனது அது. கூடவே அந்தக் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். பழைய ரத்துச் செய்தியின் மேலேயே இரங்கலைத் தட்டியவர், கடைசி வரியை எடுக்க மறந்துவிட்டார். சம்பத் விஷயத்தில் அவரிடமிருந்து வந்த ஒரே ‘வருந்துகிறோம்’ அதுதான். அதுவும் தவறுதலாக.