பாட்டு கேட்கப் போன மூன்று பேர்

எல்லைப் போராட்டத்தால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த ஒரு வாரத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் மலைக்குப் போனோம். பாறசாலைப் பக்கத்து மிஷன் பள்ளியில் படம் வரையச் சொல்லிக்கொடுத்த சார், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி, அதே பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த நான். ஆசை முழுக்க சாருடையது. மலைக்குடிகளான காணிக்காரர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன பாடுகிறார்கள் என்று நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பார். அக்காவும் அவரும் அதியன்னூரிலிருந்து வந்து என் பக்கத்து வீட்டில் குடியேறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அக்கா அதிகம் பேசமாட்டார். நான் துணைக்கு வந்தால் தானும் வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஒற்றசேகரமங்கலம் வரை பஸ், அப்புறம் நடை. அட்டை கடித்த கால்களோடு குடியிருப்பை அடைந்தபோது உச்சிவெயில் சாய்ந்திருந்தது. அவர்களுடைய தலைவரான மூட்டுக்காணி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒப்பு வாங்க வந்ததா?"

தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பவர்களும் கூடாது என்பவர்களும் மாறி மாறி மலையேறி வந்து கையெழுத்துக் கேட்டிருந்தார்களாம்.

"அதெல்லாம் இல்ல. உங்க பாட்டு ஒண்ணு கேக்கணும்" என்றார் சார்.

"சொகக்கேடு உள்ளவங்களுக்காக்கும் பாட்டு. சும்மா பாடக்கூடாது."

சாரின் முகம் வாடிவிட்டது. இதற்குள் மூட்டுக்காணியின் மனைவி சுட்ட மரச்சீனிக் கிழங்கை எங்கள்முன் வைத்துவிட்டு அக்காவின் எதிரில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார்.

"மோளே, உறக்கம் உண்டா?"

"இல்ல."

"எப்பம் தொட்டு?"

"பிள்ளை போனதுல இருந்து."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், இவர்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது என்றே தெரியாது. சார் கிழங்கைக் கையில் வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா கணவரிடம் ஏதோ சொன்னார். அவர் உள்ளே போய்க் கொக்கரையை எடுத்து வந்தார். வரிவரியாக வெட்டிய இரும்புக்குழல் அது. கம்பியால் உரசினால் கரகரவென்று ஒலிக்கும். சார் பதறி எழுந்தார்.

"வேண்டாம். நாம கிறிஸ்தவங்க. சபையில தெரிஞ்சா என்ன ஆகும்? எழும்பு, போவோம்."

அக்கா அசையவில்லை. "நீங்க பாக்கத்தானே வந்தீங்க? இருந்து பாருங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

மூட்டுக்காணி பாடத் தொடங்கினார். பாதி எனக்குப் புரிந்தது, பாதி புரியவில்லை. மலைகளின் பெயர்களும் ஆறுகளின் பெயர்களும் வந்துகொண்டே இருந்தன. நடுவில் நிறுத்தி, பிள்ளையின் பெயரைக் கேட்டார். அக்கா சாரைத் திரும்பிப் பார்த்தார். சார்தான் சொன்னார். வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று அவரே தடுத்து வைத்திருந்தாராம். சொல்லி முடித்ததும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அக்கா நகர்ந்து போய் அவர் அருகில் உட்கார்ந்தார். பாட்டு அந்திவரை நடந்தது.

அன்று மலையிலேயே தங்கினோம். மறுநாள் இறங்கி வந்தால் மறியலால் பஸ் இல்லை. ஆரியங்கோடு வழியாக நடந்தோம். அவர்கள் இரண்டு பேரும் பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டு முன்னால் போனார்கள். எப்போது நடக்கத் தொடங்கினான், யார் சாயல் என்று. நான் வேண்டுமென்றே பின்தங்கி நடந்தேன்.

சபைக்கு விஷயத்தைச் சொன்னது நான் அல்ல. சாரே போய்ச் சொன்னார். மூன்று மாதம் அவருக்கு அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து இல்லை என்று கமிட்டி தீர்மானித்தது. ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அக்காவும் பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டார்.

அக்காவுக்கு உறக்கம் முழுதாகத் திரும்பவில்லை. சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளின் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிடுவார்.

"மக்கா, ஒரு காப்பி இடு. நான் வாறேன்."