துரையை எப்போ எடுக்கறாங்க?

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்.

“ஏம்மா, அந்தப் பொணத்தை எப்பதான் எடுக்கப் போறே?”

பதறாதீர்கள். ஆடி மாசத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பிணம் கிடப்பது உண்மைதான். ஆனால் நாற்றம் இல்லை, ஒப்பாரி இல்லை, போலீஸ் தொல்லையும் இல்லை. ஆசாமி கிடப்பது கம்ப்யூட்டருக்குள்.

என் கணவர் கீழ்பென்னாத்தூரில் ஸ்கூல் வாத்தியார். கேள்வித்தாள் அடிக்கத் தமிழ் சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டுமாம். ஹார்ட் டிஸ்க்கில் இடம் கம்மி. நான் விளையாடும் துப்பறியும் கேமை அழித்துவிட்டால் இடம் கிடைக்கும். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

நான் என்ன பதில் சொன்னேன்? அதைச் சொல்வதற்கு முன்னால், பிணம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் வாங்கியது, பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்திக்காகத்தான். என் கையெழுத்தைப் படித்துப் படித்துப் பத்திரிகை ஆபீஸில் ஒருவர் கண்ணாடியே மாற்றிவிட்டதாகக் கேள்வி. சரி, டைப் அடித்தே தொலைப்போம் என்று வாங்கினோம். பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்ற மெட்ராஸிலிருந்து வந்த அக்கா மகன், “சும்மா இருக்கறப்ப ஆடுங்க சித்தி, உங்களுக்குப் புடிக்கும்” என்று ஒரு சி.டி.யைப் போட்டுக் கேமை ஏற்றிவிட்டு, காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தான்.

கேம் என்றால் சுடுவது, ஓடுவது, குதிப்பது என்றுதானே நினைப்போம்? இது அந்த ரகம் இல்லை. நாவல் படிக்கிற மாதிரி. திரையில் படம் வரும், கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். ஒரு பெரிய பங்களா. ஹாலில் வெள்ளைக்காரர் ஒருவர் செத்துக் கிடக்கிறார். பேர் வாயில் நுழையவில்லை, அதனால் ‘துரை’ என்று வைத்துக்கொண்டேன். துப்பறிகிறவர் நாம்தான். பங்களாவில் இருக்கிறவர்களை நாமே விசாரிக்க வேண்டும். மௌஸால் மேசையைத் தொட்டால் டிராயர் திறக்கும், திரைச்சீலையைத் தொட்டால் விலகும். எல்லாம் பார்த்துவிட்டு, ‘இவன்தான்’ என்று ஆளைக் காட்ட வேண்டும். மூன்று முறை காட்டலாம். மூன்றும் தப்பானால் எல்லாம் அழிந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். குழம்பு தீய்ந்தது.

நாங்கள் வேங்கிக்காலில் புது வீடு கட்டி வந்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் பிளாட் போட்ட இடம். ஒரு வீடு இருந்தால் நாலு மனை காலி. அதில் கல்லும் முள்ளும். டவுனில் இருந்தவரை ஜன்னலைத் திறந்தால் நாலு பேர் பேச்சுக் கொடுப்பார்கள். இங்கே ஜன்னலைத் திறந்தால் காற்றுதான் வரும். கணவர் காலை பஸ்ஸுக்குப் போனால் சாயங்காலம்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன்... மத்தியானங்களில் எனக்கு அழுகையே வரும்.

பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது தெரியும். பேரும் தெரியாது, முகமும் சரியாகத் தெரியாது. குக்கர் விசில் மட்டும்தான் பழக்கம்.

ஒரு மத்தியானம் அந்தக் குக்கர் வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, உங்க வீட்ல கரண்ட் இருக்கா? எங்க வீட்ல மட்டும் போயிட்ச்சு.”

உள்ளே எட்டிப் பார்த்தவள் திரையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். “அய்யய்யோ! யாருக்கா இது, இப்டி கெடக்கறாரு?”

“துரை. யாரோ கொன்னுட்டாங்க.”

“எவன் அவன்?”

“அதான் தெரியல. வா, உக்காரு.”

கரண்ட் விஷயத்தை இரண்டு பேருமே மறந்துபோனோம். அவள்தான் ரஷீதா. டவுனில் தேரடிப் பக்கம் அவள் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீஸில் வேலை. பிறந்தது, படித்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் திருவண்ணாமலையிலேயே. இங்கிலீஷ் என்னைவிட நன்றாகப் படிப்பாள். அவள் படிக்க, நான் விசாரிக்க... அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஹால் மத்தியானத்தில் போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிட்டது.

முதல் குற்றவாளியைப் பிடித்தது நான்தான்.

குடும்ப டாக்டர் ஒருவர் வருகிறார். துரையின் நாடியைப் பார்க்கிறார், டீ குடிக்கிறார், கிளம்புகிறார். வாசலில் நின்று துரையின் சம்சாரத்திடம் சொல்கிறார், “நாளைக்கு மறுபடியும் வரேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ரஷீதா, புடிச்சிட்டேன்! இவன்தான்!”

“எப்டிக்கா?”

“சாவு வீட்டுல எவனாவது ‘வரேன்’னு சொல்லிக்கிட்டுக் கெளம்புவானா?”

நீங்களே சொல்லுங்கள். நம் பக்கத்தில் துக்க வீட்டுக்குப் போனால் சொல்லாமல் கொள்ளாமல்தானே நழுவுவோம்? வாய் தவறி ‘வரேன்’ என்று சொல்லிவிட்டால் நாலு பேர் திரும்பி முறைக்க மாட்டார்களா? வாசலில் நின்று வாய் நிறையச் சொல்கிறான் என்றால், அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு ஏற்பாடு செய்கிறான் என்றுதானே அர்த்தம்?

ரஷீதா ஒத்துக்கொள்ளவில்லை. “அக்கா, அவரு டாக்டரு. நாளைக்கு வந்து சர்டிபிகேட் குடுக்கணும் இல்ல?”

“குடுக்கட்டும். வாசல்ல நின்னு சொல்லணுமா?”

மௌஸ் என் கையில் இருந்தது. டாக்டரைக் காட்டினேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை வருஷம் இந்தக் குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்தவனையா சந்தேகப்படுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ‘நிரபராதி’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

“பாவம்க்கா, வயசானவரு,” என்றாள் ரஷீதா. எனக்கு நிஜமாகவே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னதும் என் கணவர் சிரித்த சிரிப்பில் புரை ஏறியது. ஏறட்டும் என்று நானும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை.

இரண்டாவது ஆளைப் பிடித்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் சம பங்கு.

துரை ஹாலில் கிடக்கிறார். இன்னும் எடுக்கவில்லை. அப்படியே நகர்ந்து சமையலறைக்குப் போனால் — அடுப்பு எரிகிறது! சமையல்காரம்மா கறி சூப் வைத்துக்கொண்டிருக்கிறாள்!

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“அக்கா... மய்யத்த ஹால்ல வெச்சிக்கினு அடுப்பு மூட்டுவாங்களா?”

“எங்கள்ல எடுக்கற வரைக்கும் பத்த வெக்க மாட்டோம்.”

“எங்க வீட்ல மூணு நாளைக்கு எரியாதுக்கா. அக்கம்பக்கம்தான் சோறு அனுப்புவாங்க.”

“அதுவும் கறி சூப்பு!”

“நெஞ்சழுத்தக்காரி!”

டாக்டர் விஷயத்தில் ஆளுக்கொரு பேச்சு பேசினோம். அடுப்பு விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இரண்டு பேரும் சேர்ந்தே மௌஸை அழுத்தினோம்.

சமையல்காரம்மா முந்தானை... இல்லை, இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் சொன்னதை ரஷீதா படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போனது. இந்த வீட்டில் எல்லோரும் காலையிலிருந்து பட்டினி. சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடு கிடையாது. நான் அடுப்பு மூட்டாவிட்டால் இவர்களுக்கு யார் சாப்பாடு கொடுப்பார்கள்?

மறுபடியும் சிவப்பு எழுத்து.

“சீ, என்னா வீடுக்கா இது,” என்றாள் ரஷீதா. “அவ்ளோ பெரிய பங்களா. சோறு அனுப்ப பக்கத்துல ஒரு வீடு இல்ல.”

நான் ஜன்னல் வழியாகக் காலி மனைகளைப் பார்த்தேன். துரைக்கு இல்லாத ஒன்று எனக்கு இருக்கிறது என்று அப்போது தோன்றியது. அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது.

கண் பட்டுவிட்டது போல. அடுத்த வாரமே ரஷீதாவின் வீட்டுக்காரருக்கு டிரான்ஸ்ஃபர். திண்டுக்கல். சனிக்கிழமை லாரி வந்துவிடும் என்றாள். அதுவரை எங்களுக்கு இருந்தது நாலைந்து மத்தியானங்களும் ஒரே ஒரு வாய்ப்பும்.

“லாரி வர்றதுக்குள்ள கொலைகாரனைப் புடிச்சிடணும்க்கா. இல்லன்னா எனக்கு அங்க போயும் தூக்கம் வராது.”

எனக்கு இப்போதே தூக்கம் போயிருந்தது. அந்த ஜன்னலை மறுபடியும் தனியாகத் திறக்க வேண்டும் என்ற நினைப்பே பிடிக்கவில்லை. அதை வெளியே சொல்லாமல் துப்பறிவதில் மும்முரமானேன்.

இந்தத் தடவை சாஸ்திரம், சம்பிரதாயம் எதையும் கலக்கவில்லை. ஒழுங்காக விசாரித்தோம். நனைந்த குடை, நின்றுபோன கடிகாரம், பாதி எரிந்த மெழுகுவத்தி. வியாழக்கிழமைக்குள் இரண்டே பேர் மிஞ்சினார்கள். துரையின் தம்பி மகன், அப்புறம் வக்கீல். தம்பி மகன்தான் என்றாள் ரஷீதா. வக்கீல்தான் என்றேன் நான். நடுவில் அக்கா மகன் போன் செய்தான்.

“சித்தி, இன்னுமா முடிக்கல? யாருன்னு சொல்லிடட்டுமா?”

“சொன்னே... தீபாவளிக்கு இந்தப் பக்கம் தலைவெச்சிப் படுக்காதே.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரஷீதா வந்தாள். விரலெல்லாம் பேக்கிங் டேப். அவள் வீட்டில் பாதி சாமான் மூட்டையில், மீதி தரையில். இரண்டு பேரும் உட்கார்ந்தோம். திரையில் தம்பி மகனும் வக்கீலும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“உன் இஷ்டம் ரஷீதா. நீ சொல்ற ஆளையே காட்டு.”

மௌஸைப் பிடித்தாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள்.

“வேணாம்க்கா. மூட்டை கட்டற அவசரத்துல ஒரு ஆளைத் தூக்குல போட மாட்டேன். ஏற்கெனவே ரெண்டு பேரை அழ வெச்சிட்டோம். ரம்ஜானுக்கு அம்மா வீட்டுக்கு வருவேன் இல்ல? அப்ப உக்காந்து நிதானமாப் பாத்துக்கலாம்.”

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆட்டம் முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் பயந்துகொண்டிருந்தது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ! கேமை அப்படியே சேவ் செய்து வைத்தோம்.

சனிக்கிழமை காலை அவள் வீட்டு கேஸ் அடுப்பு லாரியில் ஏறிவிட்டது. நான் ஒரு தூக்கு நிறைய இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொண்டுபோனேன்.

“எதுக்குக்கா இதெல்லாம்?”

“அடுப்பு எரியாத வீட்டுக்குப் பக்கத்து வீடுதானே அனுப்பணும்?”

“அக்கா! இங்க யாரும் சாகல!” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.

கிளம்பும்போது தூக்கைக் கழுவிக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசல்படி வரை போய் ‘வரேன்’ என்று சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்தினாள். கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினாள்.

“அக்கா, உங்க கணக்குப்படி நான் சொல்லிக்கக் கூடாது இல்ல? துரை இன்னும் ஹால்லதானே கெடக்கறாரு?”

“அட, ஆமா.”

“ஆனா ‘வரேன்’னு சொன்ன டாக்டரு நிரபராதின்னு ஆயிடுச்சே,” என்றாள். நின்றாள். வாய் நிறையச் சொன்னாள், “அக்கா, நான் வரேன். கண்டிப்பா வரேன்.”

லாரி பின்னால் அவர்கள் காரும் போனது. நான் உள்ளே வந்தேன். ஜன்னலைத் திறந்தேன். காற்றுதான். ஆனால் முன்பு மாதிரி அழுகை வரவில்லை, பாருங்கள். யாரோ வரப் போகிறார்கள் என்றால் வீடு வேறு மாதிரி இருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வருவோம். இட்லித் தட்டு கையில். என் கணவர் கம்ப்யூட்டர் முன்னால்.

“சொல்லும்மா. பொணத்தை எப்ப எடுக்கறே? எனக்கு எடம் வேணும்.”

ஒரு சாவு வீட்டில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் என்ன பதில் சொல்வார்களோ, அதையே சொன்னேன்.

“கொஞ்சம் பொறுங்க. வெளியூர்லேர்ந்து சொந்தம் வரணும்.”