திருகில் கை வைக்காதே

ஆர்லிஸ் ஹ்ரூஷ்கா ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அமெரிக்காவில் சோளம் விளையும் அயோவாவின் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அந்த இருக்கையில் உட்கார்ந்ததோடு சரி. வேலையை விட்ட பிறகு வீட்டில் அவள் கால் தரையில் பாவியதே இல்லை. தேவாலயச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரிப்பாள், பாதியில் எழுந்து போய்த் தபால் பெட்டியைப் பார்ப்பாள், திரும்பி வரும் வழியில் களை பிடுங்குவாள். புருஷன் லைல் நேர் எதிர். தானியக் குதிரின் பூஞ்சைத் தூசியை ஆயுசு முழுக்கச் சுவாசித்ததில் நுரையீரல் போய்விட்டது. வரவேற்பறையில் பிராணவாயு இயந்திரம், அதிலிருந்து மூக்குவரை ஒரு குழாய். அந்தக் குழாய் எட்டும் தூரம்தான் அவருக்கு உலகம்.

அந்த ஆகஸ்ட் திங்கட்கிழமை ஆர்லிஸ் சமையலறையில் கத்தியும் கையுமாக நின்று, உறையவைப்பதற்காக இனிப்புச் சோளத்தை முத்துமுத்தாகச் சீவிக்கொண்டிருந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஊரின் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதியது.

சங்கு ஊதினால் அயோவாக்காரர்கள் என்ன செய்வார்கள்? நிலவறைக்கு ஓடுவார்கள் என்று நினைத்தால் உங்களைப் போல அப்பாவி வேறு யாரும் இல்லை. வாசலுக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். ஆர்லிஸும் போனாள். மேற்கே வானம் காயம்பட்ட சதைபோலக் கன்றிப்போய், தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது.

"லைல்! எந்திரி. கீழ போகணும்."

"இப்பதான் உட்கார்ந்தேன், அம்மணி."

"நீ என்னைக்கு எந்திரிச்ச, இன்னைக்கு உட்கார? வா!"

குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றி, கையில் தூக்கும் சின்னப் பிராணவாயுச் சிலிண்டரில் மாட்டி, திருகை இரண்டில் வைத்தாள். படுக்கையறையில் பெரிய சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றையாவது உருட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. சூறாவளியோடு பிறந்து வளர்ந்தவர்களின் புத்தி அது: வந்தால் வந்த வேகத்தில் போய்விடும், மேலே வந்து கூரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதிச் சோளத்தைச் சீவலாம். இந்தச் சின்னச் சிலிண்டரே தாராளம்.

லைல் படிப்படியாக உட்கார்ந்தே இறங்கினார். அடிப்படியில் கால் வைக்கும்போது மின்சாரம் போனது. அப்புறம் காற்று வந்தது.

வந்த காற்று போகவில்லை. அதுதான் விஷயம். பெயரெல்லாம் பிறகு தொலைக்காட்சியில் சொன்னார்கள். அன்றைக்கு அது பெயரில்லாத ஒரு பேய். சுழலவில்லை, இளைக்கவில்லை, ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருந்தது. ஊறுகாய் ஜாடிகள் அலமாரியில் கடகடவென்று ஆடின. மேலே கண்ணாடி உடைந்தது.

"இதோ நின்னுடும்," என்றாள் ஆர்லிஸ். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள். மூன்றாம் முறை சொல்ல வாய் வரவில்லை. டார்ச்சைச் சிலிண்டரின் மேல் அடித்தாள். அளவு காட்டும் முள் பாதிக்குக் கீழே, காலி என்னும் சிவப்பை நோக்கி இறங்கியிருந்தது.

"முள்ளு சிவப்பைத் தொட்டா மேல போயி பெருசை எடுத்துட்டு வந்துடுவேன்."

"போகாத."

"பின்ன உன்னைச் சாக விடவா?"

 அவள் படிக்கட்டுவரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். வீடே முனகியது.  திரும்பி வந்து முள்ளைப் பார்த்தாள்; இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பாடா என்று இருந்தது. இன்னொரு நடை போய்வந்து பார்த்தாள், அப்போதும் அசையவில்லை. நல்ல சிலிண்டர், மகராசனாக இரு என்று மனதுக்குள் வாழ்த்தினாள். பைத்தியக்காரி!

பொறுமை அவளுக்கு எத்தனை நேரம் தாங்கும்? சட்டென்று படியேற ஆரம்பித்தாள்.

"ஆர்லிஸ்," என்றார் லைல். குரல் பஞ்சாக இருந்தது. "முள்ளைப் பாரு... இன்னும் சிவப்புக்கு வரல. சொன்ன சொல்லு... மாறாத."

அவள் சலித்துக்கொண்டு இறங்கி வந்தாள். கடைசிப் படியில் நிற்கையில் மேலே இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். வாசல் மேப்பிள் மரம் சமையலறைக்குள் வந்திருந்தது. படிக்கட்டின் மேல்கதவு பிளந்து, ஈர இலையும் சோளமுத்துமாக அவள் தலையில் கொட்டியது.

டார்ச்சைத் திருப்பினாள். வெளிச்சம் லைலின் முகத்தில் விழுந்தது. உதடு நீலம். அவர் கை சிலிண்டரின் திருகின் மேல் இருந்தது. திருகு இரண்டில் இருக்க வேண்டும். சுத்தமாக மூடிக் கிடந்தது.

"அடப்பாவி! நீயா மூடினே?"

"சிவப்பு வந்தா... நீ போயிடுவ."

அவள் திருகைத் திறந்தாள், அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு அதே தோளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். முள் இறங்கத் தொடங்கியது. சிவப்பைத் தொட்டபோது காற்று கொஞ்சம் தளர்ந்திருந்தது; கிளைகளுக்கு நடுவே ஊர்ந்து மேலே போனாள். கையெல்லாம் கீறிக்கொண்டு பெரிய சிலிண்டரை இழுத்து வந்து மாட்டினாள்.

உதட்டில் நிறம் திரும்பியதும் லைல் கேட்ட முதல் கேள்வி: "சோளக்காடு?"

படுக்கையறை ஜன்னல் வழியாக அவள் பார்த்திருந்தாள். கண்ணுக்கெட்டியவரை ஒரு தட்டை நிற்கவில்லை.

"படுத்துடுச்சு. உன்னை மாதிரியே."

அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும்.

மின்சாரம் திரும்பும்வரை மகன் ஜெனரேட்டர் கொண்டுவந்து போட்டான். தேவாலயத்தில் எல்லோரும் கடவுள் காப்பாற்றினார் என்றார்கள். "கடவுளுக்கு என் நன்றி உண்டு. இந்த மனுசனை மட்டும் மன்னிக்க மாட்டேன்," என்றாள் ஆர்லிஸ். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இயந்திரத்தின் திருகை இரண்டில் வைத்துக் குறுக்கே டேப் ஒட்டினாள். ராத்திரியில் மரம் சலசலத்தாலும் எழுந்து போய் டேப்பைத் தடவிப் பார்ப்பாள். லைல் கண்ணை மூடியபடியே, "தொடல, தாயே," என்பார்.

மார்ச்சில் ஒரு விடியற்காலை, காற்றே இல்லாத நாளில், லைல் தூக்கத்திலேயே போய்விட்டார். ஆர்லிஸ் மகனைக் கூப்பிடவில்லை, மருத்துவரைக் கூப்பிடவில்லை. முதலில் இயந்திரத்தின் முன் மண்டியிட்டாள்.

டேப் பிரியவில்லை. திருகு இரண்டில்தான் இருந்தது.

அதன் பிறகுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகன் வந்து தோளைத் தொடும்வரை எழுந்திருக்கவில்லை.