பித்தளை போர்த்திய தூணும் மூன்று கம்பெனி சிக்னலும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாமி கும்பிடுவதற்காக அல்லாமல் திருப்பதிக்குப் போனேன். வீட்டில் யாரும் நம்பவில்லை. நான் போனது ஒரு தூணைப் பார்க்க.

எனக்கு ஆன்டெனா வடிவமைக்கும் வேலை. திருப்பதியைத் தாண்டி, வெதுருகுப்பம் பக்கம் மலையடியில் ஒரு ஊர். டவர் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் ஊருக்குள் போன் எடுக்காது. தனிக் கம்பம் நட இடம் கிடைக்கவில்லை. அதனால் பஸ் ஸ்டாப் கூரையைத் தாங்கும் நாலு தூண்களில் ஒன்றையே ஆன்டெனாவாகச் செய்தோம். ஃபைபர் தூண், அதன் சுவருக்குள் செம்புப் பட்டைகள். பட்டைக்கு இடம் விட்டால் தூணின் பலம் குறையும். சுவரைத் தடிமனாக்கினால் சிக்னல் குறையும். இதற்குள் மூன்று கம்பெனிகளின் அலைவரிசையும் அடங்க வேண்டும். எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். நட்ட அன்று மூன்றும் எடுத்தன. பத்தாம் நாள் அந்த ஊர் ஆஷா சுகாதார ஊழியர் கஸ்தூரி, பழையபடி சிக்னல் எட்டும் பாறை மேல் ஏறி என்னைக் கூப்பிட்டார். "சார், ஒண்ணுமே எடுக்கல. ஊர்ல ரேவதின்னு ஒரு பொண்ணுக்கு இந்த வாரம் பிரசவம். வலி வந்தா ஆம்புலன்ஸுக்கு இந்தப் பாறை மேல ஓடி வரணுமா?"

சென்ட்ரலில் காலை ஆறரை மணி வாக்கில் ரயில். பத்துக்கு முன்பே திருப்பதி. பஸ் நிலையத்துக்கு ஆட்டோ 50 ரூபாய், வெதுருகுப்பத்துக்கு பஸ் 65, ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் மாந்தோப்பு. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் 7 கிலோமீட்டர், 20 ரூபாய்.

"பித்தளத் தூணு ஊருக்கா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

பித்தளையா? நான் நட்டது ஃபைபர் தூண்.

12:40-க்கு இறங்கினேன். என் தூண் தகதகவென்று மின்னியது. கோயில் கொடிமரத்துக்குப் போடுவதுபோல அடி முதல் நுனி வரை பித்தளைத் தகடு, மஞ்சள், குங்குமம், மாலை. உலோகத்தால் மூடினால் ஆன்டெனாவுக்கு மூச்சு ஏது? கோபத்தில் கத்திவிட்டேன்.

தகடு போட்ட நாகராஜ் அசரவில்லை. கொடிமரத் தகடு அடிப்பதுதான் அவர் தொழில். "ஊருக்கே பேச்சு குடுக்கிற தூணு சார். மொட்டையா நின்னுக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்? பூஜ பண்ணியாச்சு. உரிக்கக் கூடாது. வெட்டணும்னா சொல்லு, வெட்டறேன்."

வெட்டுவதா? அப்போதுதான் புத்தியில் உறைத்தது. உலோகத் தகட்டில் சரியான அளவில் ஒரு பிளவு இருந்தால், அந்தப் பிளவே ஆன்டெனாவாக வேலை செய்யும். பாடத்தில் படித்ததுதான், பதற்றத்தில் மறந்திருந்தேன். உள்ளே பட்டை இருக்கும் இடத்தைக் குறித்து, நேராக ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். நாகராஜ் வெட்டினார். என் போனில் ஒரு கம்பெனி மட்டும் உயிர் பெற்றது. பக்கத்தில் நின்ற கஸ்தூரிக்கு வேறு கம்பெனி; அவர் போன் ஊமையாகவே இருந்தது.

"கோடு நல்லால்ல சார், கத்திக்குத்து மாதிரி கீது" என்று நாகராஜ் மறுபடி உளியை எடுத்தார். "நாமம் நடுவுல இருக்குமே, செவப்பு, அப்படி இழுத்துடறேன்." தடுக்கப் போன நான் நின்றுவிட்டேன். கீழே ஊசியாகத் தொடங்கி மேலே போகப் போக விரிந்தது அந்த வெட்டு. பல அலைவரிசைகளை ஒன்றாகப் பிடிக்க நாங்கள் கம்ப்யூட்டரில் வாரக்கணக்கில் வரைந்து பார்க்கும் விரிவு அது. அவர் அளவுகோலைக்கூடத் தொடவில்லை. எனக்கு மெய்சிலிர்த்தது, சொல்ல வெட்கமில்லை.

கஸ்தூரியின் போன் மணியடித்தது. பிறகு மூன்றாவது கம்பெனியும் எடுத்தது. பழைய பலம் இல்லை, ஆனால் பேச முடிந்தது. நாகராஜுக்கு இது ஆச்சரியமே இல்லை. "நாமம் போட்டா வேல செய்யாம இருக்குமா?" என்று உளியைத் துடைத்துக்கொண்டு போனார்.

போக நினைப்பவர்களுக்கு: கடைசி ஷேர் ஆட்டோ மாலை ஐந்தரைக்கு, தவறவிட்டால் நடைதான். ஊரில் ஓட்டல் இல்லை, சாப்பாட்டை வெதுருகுப்பத்திலேயே முடித்துவிடுங்கள். என் போல் வேலை செய்பவர்களுக்கு: ஊருக்கு ஒரு பொருளைக் கொடுத்தால் அதை அவர்கள் எப்படிக் கொண்டாடுவார்கள் என்பதையும் சேர்த்து வடிவமையுங்கள். நான் அதைக் கேட்கவே இல்லை.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை காலை 5:10-க்கு என் போன் அடித்தது.

"ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்துச்சு சார். ரேவதிக்குப் பொண்ணு, இப்பதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன்ல சொன்னாங்க. ரெண்டு பேரும் சௌக்கியம்" என்றார் கஸ்தூரி. "பாறை மேல இல்ல சார், தூணு பக்கத்துலதான் நின்னுக்கினு பேசறேன்."