ஓய்வில் பதினொரு நாள் கையெழுத்து

சீசன் முடிந்ததும் மூன்று வாரம் ஓடக்கூடாது. காலையில் விழித்ததும் எண்ணும் நாடி பழைய அளவுக்கு இறங்கும்வரை ஷூவைத் தொடக்கூடாது. எங்கள் மூத்தோர் ஓட்டக் குழுவுக்கு இந்த விதியை எழுதிக் கொடுத்தவனே நான்தான். ஒரகடத்து உதிரிபாக ஆலையில் முப்பது வருடம் டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்த்தவன். ஆள் வந்ததற்குக் கையெழுத்துதான் சாட்சி, ஆவி இல்லை. பேய்க்கதை சொல்பவர்களிடம் தேதியும் நேரமும் கேட்பேன், அத்தோடு கதை முடிந்துவிடும். நீங்களும் என்னைக் கேட்கலாம், வைத்திருக்கிறேன்.

போன சீசனில் அறுபது தாண்டியவர்கள் பிரிவில் ஐயாயிரம் மீட்டரில் நான்காவதாக வந்தேன். முட்டியைப் பார்த்த டாக்டர், இன்னும் ஒரே ஒரு சீசன் என்றார். அதிலாவது ஒரு பதக்கம் வேண்டுமென்று விதிப்படி ஓய்வெடுத்தேன். படுத்துக் கிடக்கக் கிடக்க அசதி கூடியது. ஐம்பத்திரண்டில் இருக்க வேண்டிய நாடி எழுபது. கெண்டைக்கால் கல்லாக இறுகியது.

"திருட்டுத்தனமா எங்கனா ஓடிட்டு வரீங்களா?" என்று என் மனைவி சரோஜா கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். அப்போதும் அசதி குறையவில்லை.

நான் வழக்கமாக ஓடுவது வடக்குப்பட்டுப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு ஆலையின் உள்சாலையில். தொழிற்பேட்டை எஸ்டேட் அலுவலகத்தின் அனுமதி உண்டு. கேட்டில் வரும்போதும் போகும்போதும் கையெழுத்து. ஓய்வின் பதினோராம் நாள் காய்கறி வாங்கப் போனவனை அந்த ஆலையின் வாட்ச்மேன் ஏழுமலை பிடித்துக்கொண்டான்.

"இன்னா சார், தெனம் வந்துகினே கீறீங்க, ஒரு வணக்கம் கூட இல்ல? மெடல் வாங்கினா கொம்பு மொளைச்சிடுமா?"

"நாலாவது வந்தவனுக்கு ஏதுப்பா மெடல்? நான் அந்தப் பக்கமே வரலயே."

"அப்போ உங்க தம்பியா வந்தாரு?" என்று ஆலை கேட்டுக்குக் கூட்டிப்போய் ரிஜிஸ்டரைக் காட்டினான்.

பதினொரு நாள். உள்ளே 5.40. வெளியே முதல் நாள் 6.30, பிறகு நாளுக்கொரு நிமிடம் முந்தி. ஒருவனுக்காக இன்னொருவன் போட்ட கையெழுத்துகளை எத்தனையோ பிடித்திருக்கிறேன். இது என்னுடையது, கடைசிப் புள்ளியை விட்டுவிடும் சோம்பல் உட்பட. யாரோ பயிற்சி எடுக்கிறான், களைப்பு மட்டும் எனக்கு. இப்படியே போனால் கடைசி சீசன் கட்டிலில்தான்.

"உள்ள விடாதே," என்றேன்.

"பர்மிஷன் கீது, கையெழுத்து கீது. நான் எப்படி சார் நிறுத்தறது?"

நியாயம். என் அனுமதியை ரத்து செய்யுமாறு நானே எஸ்டேட் அலுவலகத்துக்கு எழுதினேன். அவர்கள் பதிலுக்கு அவசரப்படும் இனமல்ல.

மறுவாரம் விடியலில் சரோஜாவோடு கேட்டுக்குப் போனேன். ஏழுமலை திகைத்து எழுந்தான். "இப்பத்தான சார் உள்ள போனீங்க?"

அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். கட்டடத்துக்குப் பின்னால் ஷூ சத்தம். நம்பினால் நம்புங்கள், அது வேகமெடுத்தபோது உட்கார்ந்திருந்த எனக்கு மூச்சு வாங்கியது. என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்த சரோஜா அழுதுவிட்டாள். சத்தம் வளைவுக்கு வந்துவிட்டது, இன்னும் நாலு எட்டு வைத்தால் முகம் தெரியும். "வாங்க, வூட்டுக்குப் போலாம்," என்று இழுத்தாள். போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஓய்வின் இருபத்தோராம் நாள் காலை, 6.10, கட்டிலில் கிடந்த எனக்குக் கால்கள் சட்டென்று லேசாயின. நாடி ஐம்பத்திரண்டு. அசதி அதன்பின் வரவில்லை; ஓட்டமும் வரவில்லை. ஷூவைக் கட்டினால் நடக்க முடிகிறது, அவ்வளவுதான். சீசன் நானில்லாமல் தொடங்கிவிட்டது. அன்றைக்கு உள்ளே போன கையெழுத்து மட்டும் ரிஜிஸ்டரில் இருக்கிறது. "வெளிய வரவேயில்ல சார்," என்கிறான் ஏழுமலை, என்னிடமே. உள்ளே போய்த் தேட எனக்கு வழியில்லை. அனுமதி ரத்து என்ற பதில் வந்தது அதே நாள் மதியத் தபாலில், ஏப்ரல் பதினேழு.